மஞ்சள் திரையில் சிவப்பு எழுத்து

அந்தக் கொம்பியூட்டரில் பதினாறு நிறங்கள் இருந்தன. அவற்றில் எதைத் திரை முழுவதும் பூசுவது, எதில் எழுத்தை வைப்பது, எதைச் சுற்றவரக் கரையாகக் கட்டுவது என்று முடிவெடுக்க எங்கள் வீட்டில் மூன்று பின்னேரங்கள் போயின. எங்கள் கலியாணத்துக்குக் கூறை எடுத்தபோதுகூட இவ்வளவு கதை நடக்கவில்லை. இதை எழுத வேண்டுமென்று பலமுறை நினைத்திருக்கிறேன். நினைத்தவுடனே ஒரு களைப்பு வந்துவிடும், கொப்பியை மூடிவிடுவேன். இன்றைக்குத் திருநீற்றைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. என் மனைவியின் தம்பி, என் மச்சான், கப்பலில் வேலை செய்தவர். லீவில் நாரந்தனைக்கு வந்தபோது ஒரு துவாய்க்குள் சுற்றி அதைக் கொண்டுவந்தார். சிங்கப்பூரில் பழைய சாமான் விற்கிற கடையில் வாங்கினாராம். தட்டெழுத்து மெசினின் விசைகளை மட்டும் வெட்டி எடுத்தது போல இருந்தது. தனக்கென்று திரை இல்லை. வயரை ரெலிவிசனின் பின்னால் செருகினால் அடிக்கிற எழுத்து ரெலிவிசனில் வரும். எங்கள் வீட்டுக் கலர் ரெலிவிசனும் அவர் முந்திய பயணத்தில் கொண்டுவந்ததுதான்.

விளையாட அல்ல. என் மகளுக்காகக் கொண்டுவந்தார்.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்றரை வருடமாகப் பார்வை குறைந்துகொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் முதலில் பின்வரிசை வாங்கிலிருந்து முன்வாங்குக்கு மாற்றினார்கள். பிறகு முன்வாங்கில் இருந்தும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினாள். யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பண்ணைப் பாலம் திறந்திருந்தால் வேலணை, மண்கும்பான் பக்கமாக பஸ்ஸில் போய்விடலாம். ஆமிக்காரர் மூடிவிட்டால் ஊர்காவற்றுறையில் கடலைக் கடந்து காரைநகர் ஏறிச் சுற்றவேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அப்படிப் போய் வந்த நாட்களில் புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பும் இல்லை, வீட்டில் உலையும் இல்லை.

கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு மெல்ல மெல்ல வாடுகிறது என்றார் டாக்குத்தர். கண்ணாடி போட்டு நிறுத்த ஏலாது. கூசுகிற வெளிச்சம் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவரச் சொன்னார். கடைசியாக என்னைத் தனியக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"வீட்டில நீங்கள்தான் கவனிக்கவேணும், ஐயா. பார்வை இறங்குதெண்டு கண்டால் தவணை வரட்டும் எண்டு பார்த்துக்கொண்டிராதேங்கோ. உடன கொண்டு வாங்கோ. கொழும்புக்கு அனுப்பவேண்டி வரும்."

அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து இருந்தது. இறங்குகிறதா நிற்கிறதா என்று நான் எப்படிக் காண்பது? நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். மச்சானுக்குக் கடிதத்தில் இதை எழுதியிருந்தேன். அதற்குப் பதிலாகத்தான் இந்த மெசின் வந்தது. எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு வேலையை அவர் கப்பலில் இருந்தபடியே பழகி, ஒரு கசெற்றில் பதிந்துகொண்டு வந்திருந்தார். கசெற்றை ஓடவிட்டால் மெசின் அதைப் படித்துக்கொண்டு திரையைக் கட்டும். நாங்கள் சொல்லுகிற நிறத்தையும் அதற்குள் எழுதிவிட்டால் எப்போது போட்டாலும் அந்த நிறத்தோடு வரும்.

"பிள்ளை தூர இருந்து வாசிக்கட்டும், அத்தான்," என்றார். "இண்டைக்கு ஏழு அடியில தெரியுதெண்டால் வாற மாதமும் ஏழு அடியில தெரியவேணும். குறைஞ்சால் ஆசுபத்திரி."

இவ்வளவுதான் காரியம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு புதுச் சாமான் வந்தால் இவ்வளவோடு நிற்காது. மனைவி குளித்துவிட்டு வந்து மெசினின் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தாள். மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அக்கா, உதுக்குள்ள தண்ணி போனால் பிறகு தேவாரம் பாடித்தான் எழுப்பவேணும்."

"நீ சும்மா இரடா. கடல் தண்ணிக்குள்ளால கொண்டு வந்தனி, ஒரு சொட்டு மஞ்சளுக்குச் சாகப்போகுதே?"

கசெற் ஓடத் தொடங்கியபோது திரை முதலில் கறுப்பாக வந்தது. அதில் வெளிர்மஞ்சளாக நாலைந்து எழுத்து நின்றன. மச்சான் கப்பலில் வைத்திருந்த நிறம் அது. மகள் நிமிர்ந்து, "இது நல்லா இருக்கு, மாமா," என்றாள்.

"வாயைக் கழுவு," என்றாள் தாய். "வீட்டில ஒரு நல்ல காரியம் தொடங்கேக்கை கறுப்பாம். செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரி. தம்பி, மாத்து."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இதை மறைக்கக் கூடாது. மரண அறிவித்தலுக்குத்தான் கறுப்புக் கரை போடுவார்கள். நோயாளிப் பிள்ளைக்கு முன்னால் தினமும் கறுப்பை விரித்து வைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? மகள் அதன் பிறகு நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மச்சான் இலக்கத்தை மாற்ற மாற்ற ஒவ்வொரு நிறமாக வந்தது. நீலம் வந்தபோது மனைவிக்குப் பிடித்தது. மச்சான் விடவில்லை.

"கரையூர்ச் சனம் வந்து பார்த்தால் மாதாவின்ர சால்வை எண்டு கும்பிடுங்கள், அக்கா. வைக்கட்டே?"

"கும்பிட்டால் என்ன, அவையும் சாமியைத்தானே கும்பிடுகினம்," என்றாள். ஆனாலும் அடுத்த நாள் நீலத்தை எடுக்கச் சொன்னாள். பச்சை வந்தது. அந்த நாளில் அந்தப் பச்சையை உடுப்பாகப் போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு திரிந்தவர்களை நினைத்து நானே வேண்டாமென்றேன். வெள்ளை, தாலி இழந்தவர்களின் சேலை. சாம்பல், சாம்பல்தான். பழுப்பு நிறத்தைப் பார்த்து மச்சான், "பழஞ்சோறு தண்ணி" என்றார். அதற்கு மகள்கூடச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் மஞ்சளைப் போட்டு, அதில் சிவப்பு எழுத்தை வைத்து, சுற்றவரச் சிவப்புக் கரை கட்டினார். மனைவி குசினியிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"இதுதான். மஞ்சளும் குங்குமமும். கலியாணக் காட் மாதிரி."

"அக்கா, வாசிக்கிறதுக்கு எழுத்து எடுப்பா இருக்கவேணும். ரெலிவிசனில சிவப்புக் கொஞ்சம் கலங்கும்."

"எனக்குக் கலங்கேல்லை."

"உன்ர கண்ணுக்கே இதை வைக்கிறம்?"

"பிள்ளை, நீ சொல்லு. எது வைக்க?" என்று மச்சான் மகளைக் கேட்டார். அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மாவுக்குப் பிடிச்சதை வையுங்கோ, மாமா."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மஞ்சள் கசெற்றில் ஏறியது.

அன்றிலிருந்து நாள்தோறும் பின்னேரம் கரண்ட் இருந்தால் பரிசோதனை. நிலத்தில் வெண்கட்டியால் ஏழு அடியில் கோடு கீறி அதில் கதிரையைப் போட்டோம். மகள் கதிரையில். நான் மெசினுக்கு முன்னால். அதில் தமிழ் எழுத்து இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எழுத்துகளோடு முடிந்தது. கைக்கு வந்ததை அடித்தேன். புது மெசினில், அதுவும் பிள்ளையின் கண்ணுக்காக, முதல் சொல்லாக வேறு எதை அடிப்பேன்? ஆங்கில எழுத்தில் பிள்ளையார் என்று அடித்தேன்.

"பிள்ளையார்," என்றாள்.

முருகன் என்று அடித்தேன். "முருகன்," என்றாள். அம்மன் என்று அடித்தேன். "அம்மன்." சிவசிவ. அதையும் சொன்னாள். மனைவி கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். நான் சிவப்பு எழுத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏழு அடி. ஒரு பிழை இல்லை.

அடுத்த நாளும் அப்படியே. அடுத்த கிழமையும். மூன்றாம் கிழமை எட்டு அடியில் இன்னொரு கோடு கீறிக் கதிரையை அதற்குத் தள்ளினேன். அதற்கும் சரியாகச் சொன்னாள். எட்டு அடி! இறங்கவில்லை, ஏறுகிறது என்று தோட்டத்தில் வேலை செய்கிறபோதும் சொல்லிக்கொண்டேன். முதுகு வலியும் அந்த நாட்களில் குறைவாகத் தெரிந்தது.

மனைவி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். பார்வை இறங்காமல் நின்றால் வெள்ளியில் ஒரு சோடிக் கண் செய்து சாத்துவேன் என்று. அதற்காக வெள்ளிக்கிழமைகளில் ஒன்றும் சாப்பிடமாட்டாள், தண்ணீர் மட்டும்தான். கண் தெளிந்துவிட்டது, இனி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றாள். அவள் பார்த்த வெள்ளிக்கிழமையில்தான் ஆசுபத்திரித் தவணையும் விழுந்தது.

"இஞ்சேருங்கோ, டாக்குத்தர் என்ன செய்யிறது, இறங்கினால்தானே வரச்சொன்னவர். இது ஏறுது. முதல் அம்மாளாச்சிக்குக் குடுக்கவேண்டியதைக் குடுப்பம்."

நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன். பண்ணைப் பாலம் அந்தக் கிழமை மூடிக் கிடந்தது. காரைநகர் சுற்றிப் போய், வரிசையில் நின்று, வரவேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. அம்மனிடம் போவது அலுப்பாக இல்லை. அப்படித்தான் முடிவெடுத்தேன்.

குறிகட்டுவானில் மோட்டார் வள்ளம் ஏறினோம். மகள் என் கையைப் பிடித்தபடி வந்தாள். நயினாதீவுத் துறையில் படி ஏறும்போது ஒருமுறை தடக்கினாள். வெயில் என்று நினைத்தேன். கோயிலுக்குள் ஐயர் வெள்ளிக் கண்களை வாங்கித் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார். மனைவி அழுதாள். சந்தோசத்தில் அவ்வளவு அழுது நான் கண்டதில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாயே, நீ செய்தாய் என்று வாய்விட்டே சொன்னேன். மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கைகூப்பி நின்றாள். எந்தப் பக்கம் பார்த்து நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை.

மச்சான் திரும்பக் கப்பலுக்குப் போக ஒரு கிழமை இருந்தது. ஒரு பின்னேரம் நான் தோட்டத்தால் வந்து கை கால் கழுவிவிட்டு மெசினுக்கு முன்னால் இருந்தேன். மச்சான் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"எழும்புங்கோ அத்தான், நான் ஒண்டு அடிக்கிறன். உங்கட சாமியள் களைச்சுப் போச்சுதுகள்."

அடித்தார். திரையில் ஏழு எழுத்து வந்தன. கராச்சி என்று இருந்தது. அவருடைய கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம்.

மகள் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து பார்த்தாள். "முருகன்," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மச்சான் சிரிக்கவில்லை.

"இன்னொருக்காப் பார், பிள்ளை."

"முருகன்தானே மாமா. வடிவாத் தெரியுது."

அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு எழுத்தைப் போட்டார். வட்டமான ஓ. உள்ளங்கை அளவு. "இது?"

அவள் விரல்களால் பாவாடைக் கரையைச் சுருட்டத் தொடங்கினாள். மனைவி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னடா தம்பி, பிள்ளையைப் போட்டு ஆக்கினைப்படுத்திறாய்?"

"இஞ்ச வா அக்கா."

அவள் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மச்சான் குரலைத் தாழ்த்தி மகளைக் கேட்டார். "எவ்வளவு நாளா, பிள்ளை?"

"முதல் நாளில இருந்து," என்றாள் மகள். "மஞ்சளில சிவப்புப் புகை மாதிரி நிக்கும். எத்தினை எழுத்தெண்டு எண்ணலாம். அப்பா எப்பவும் முதல் பிள்ளையார், பிறகு முருகன், பிறகு அம்மன். நடுவில சிவசிவ எண்டால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்."

ஆங்கிலத்தில் முருகனுக்கும் ஏழு எழுத்து, கராச்சிக்கும் ஏழு. இரண்டு மாதம் நான் அடித்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடமான வரிசை. எங்கள் வீட்டுச் சாமியறையில் படங்கள் இருக்கிற அதே வரிசை.

"ஏன் பிள்ளை பொய் சொன்னனி?" என்றாள் தாய். கோபம் இல்லை அதில்.

"நீங்கள் வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் கிடக்கிறியள். தெரியேல்லை எண்டு சொன்னால் செவ்வாயும் சாப்பிடமாட்டியள்."

"நயினாதீவிலயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் அழுதுகொண்டு நிண்டனீங்கள்."

மனைவி நிலத்தில் இருந்துவிட்டாள். நெடுநேரம் ரெலிவிசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளில் அந்த ஓ அப்படியே நின்றது.

"அப்ப நாங்கள் அம்மாளாச்சிக்குப் பொய் சொல்லிப்போட்டம்," என்றாள்.

"அம்மாளாச்சிக்கு எல்லாம் தெரியும், அக்கா," என்றார் மச்சான். "எங்களுக்குத்தான் தெரியாமல் போச்சு."

கடைசியில் மனைவி எழும்பி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள். "தம்பி, முதல் நாள் ஒரு கறுப்பு வந்ததே. அது இன்னும் கிடக்குதே?"

"கிடக்குது."

"வை. அதையே வை. எனக்குப் பார்க்க ஏலாட்டில் நான் குசினிக்குள்ள இருக்கிறன்."

மச்சான் மாற்றினார். திரை இருண்டது. அதில் வெளிர்மஞ்சளாக மூன்று எழுத்து வைத்தார், எங்களுக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மகள் எட்டு அடியில் இருந்தாள். தெரியவில்லை என்றாள். ஏழு, தெரியவில்லை. ஆறு. ஐந்து அடிக்கு வந்தபோது கண்ணைச் சுருக்கி, "முதலாவது கே. மற்றது... ஈ? கடைசி எனக்குப் பிடிபடேல்லை," என்றாள். இரண்டும் சரி. நாலரை அடியில் மூன்றும் சரி. மனைவி குசினிக்குள் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கறுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

நாலரை அடி. நான் அந்த இடத்தில் வெண்கட்டியால் புதுக் கோடு கீறினேன். எட்டு அடிக் கோட்டைக் காலால் அழித்தேன்.

மறுநாளே காரைநகர் சுற்றி ஆசுபத்திரிக்குப் போனோம். டாக்குத்தர் சோதித்துவிட்டுப் பார்வை நன்றாக இறங்கியிருக்கிறது என்றார். "ஏன் தவணைக்கு வரேல்லை?" என்று கேட்டார். கோயிலுக்குப் போனோம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். கொழும்புக்குக் கடிதம் தந்தார். கொழும்பில் மூன்று கிழமை நின்றோம். இழந்ததைத் திருப்பித் தர ஏலாது, இருப்பதைக் கொஞ்சம் காத்துக்கொள்ளலாம் என்று மருந்தும் சில ஊசிகளும் தந்தார்கள். அந்தத் தவணைக்குப் போயிருந்தால் ஏதாவது வித்தியாசமாக இருந்திருக்குமா என்று நான் அங்கேயும் கேட்டேன், யாழ்ப்பாணத்திலும் கேட்டேன். ஒருவர் சொல்ல ஏலாது என்றார். மற்றவர் பதில் சொல்லாமல் என் தோளில் கை வைத்தார். இரண்டில் எது மோசம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கும்பிடும்போதெல்லாம் இதுதான் முன்னுக்கு வருகிறது. அம்மனில் எனக்குக் குறையில்லை. அவள் வெள்ளிக் கண்ணைக் கேட்கவில்லை, நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கொழும்பால் வந்த முதல் பின்னேரம் மெசினைப் போட்டேன். மச்சான் கப்பலுக்குப் போய்விட்டார். கசெற் ஓடி முடிந்து கறுப்பு வந்தது. மகள் நாலரை அடிக் கோட்டில் இருந்தாள். நான் விசையில் விரலை வைத்ததும் மகள் சொன்னாள்.

"அப்பா, சாமிப் பேர் அடிக்காதேங்கோ. எனக்குத் தெரியாத சொல்லா அடியுங்கோ."

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அவ்வளவுதானே, பிள்ளை."

"உங்களுக்கும் தெரியாததை அடியுங்கோ."

நான் யோசித்து, கொழும்பில் தந்த மருந்துப் போத்தலை எடுத்துவந்து அதில் ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தேடி அடித்தேன். என்ன சொல் என்று எனக்கே தெரியாது. வாயால் சொல்லவும் வராது. மனைவி நெல்லைப் புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் வாசித்தாள். "பீ. ஆர். ஈ." நிறுத்தினாள். கழுத்தை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தாள். மறுபக்கம் சரித்துப் பார்த்தாள்.

"நாலாவது தெரியேல்லை, அப்பா."

தெரியேல்லை என்று முன்பு மச்சானிடம்தான் சொல்லியிருந்தாள், அந்தச் சொல்லை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவியின் சுளகு நின்றது. நான் எழும்பிப் போய் அவளோடு சேர்த்துக் கதிரையை அரை அடி முன்னுக்கு இழுத்தேன்.

"இப்ப?"

"இப்பவும் இல்லை. இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.